பூச்சியைத் தாங்கும் பயிர் ரகங்கள் பண்ணையக் கணக்கில் என்ன பெறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் மாவட்டங்களில் வாய்க்கால் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் மானாவாரிக் காட்டிலும் வெள்ளாமை செய்வோர், புதிய ரகங்களைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. ஒரு ரகம் எத்தனை மூட்டை தரும் என்பதையே எல்லோரும் முதலில் கேட்கிறோம். அந்த ரகத்தால் எத்தனை செலவு நிற்கும் என்ற கேள்வியே இந்தப் பக்கத்தின் பொருள்.

பூச்சியைத் தாங்கும் ரகமும் பூச்சியை எதிர்க்கும் ரகமும் ஒன்றுதானா?

பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். கணக்குப் பார்க்கும்போது பிரித்துப் பார்ப்பது நல்லது. அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர் ரெஜினால்ட் பெயின்டர் 1951ஆம் ஆண்டில் இதை மூன்று வகையாகப் பிரித்தார். பூச்சி விரும்பி வந்து அமராத பயிர் முதல் வகை. இலையின் மேல் அடர்ந்த முடியோ மெழுகுப் பூச்சோ இதற்குக் காரணமாகலாம். வந்து தின்ற பூச்சி வளராமலோ முட்டையிடாமலோ மாண்டோ போகும்படி தன் சாற்றிலேயே தடை வைத்திருக்கும் பயிர் இரண்டாம் வகை. பூச்சி வரும், தின்னும், பெருகும், ஆனாலும் பயிர் தன் விளைச்சலைப் பெரிதும் இழக்காது என்பது மூன்றாம் வகை. இந்த மூன்றாவதைத்தான் தாங்குதிறன் என்கிறோம். வயலில் கிடைக்கும் ரகங்களில் பெரும்பாலும் இந்த மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்தே இருக்கும்.

முதல் இரண்டும் பூச்சியின் பிழைப்பில் கை வைக்கின்றன. மூன்றாவது அதில் கை வைப்பதில்லை. பொருளாதார மதிப்பு எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது இந்த வேறுபாடுதான் என்பதால், கீழே இதற்கு மீண்டும் வர வேண்டியிருக்கும்.

அதன் ஆதாயம் எந்த இடத்தில் பணமாகத் தெரிகிறது?

பெரும்பாலும் எங்கும் தெரிவதில்லை. இவ்வகை ரகங்களுக்கு உரிய மதிப்புக் கிடைக்காததற்கு இதுவே முதற்காரணம். விளைச்சல் கூடினால் களத்தில் நெல் குவியும், எல்லோரும் பார்ப்பார்கள். வாங்காத மருந்துக்கு ரசீது கிடையாது. மருந்துக்கடைச் செலவு, தெளிப்புக் கூலி, தெளித்த பிறகும் எஞ்சி நிற்கும் சேதம், பூச்சி வெடித்துப் பெருகும் ஆண்டில் வரும் பேரிழப்பு ஆகிய நான்கும் குறைவதே இந்த ரகங்களின் ஆதாயம். மருந்து தெளிப்பவரின் உடல்நலம், வாய்க்கால் நீர், வரப்பில் வாழும் சிலந்தி, தேனீ ஆகியவற்றுக்கு வரும் கேடு குறைவதும் இதில் சேரும்; ஆனால் அதற்கு எந்தப் பண்ணையப் பேரேட்டிலும் பக்கம் ஒதுக்கப்படுவதில்லை.

ஓர் ஏக்கருக்குக் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

காட்டலாம். கீழே உள்ள எண்கள் எல்லாம் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏக்கருக்கு 2,400 கிலோ நெல், கிலோ 25 ரூபாய் என்றால் மொத்த மதிப்பு 60,000 ரூபாய். ஒரு முறை மருந்தடிக்க மருந்துக்கு 1,200, கூலிக்கு 600 என 1,800 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். சாதாரண ரகத்துக்கு மூன்று முறை அடித்தால் 5,400 ரூபாய்; அதையும் மீறி 5 சதவீதம் சேதமானால் 3,000 ரூபாய்; ஆக, பூச்சியால் போனது 8,400 ரூபாய். தாங்கும் ரகத்துக்கு ஒரு முறை மட்டும் அடித்து, சேதம் 6 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், 1,800 உடன் 3,600 சேர்ந்து 5,400 ரூபாய்தான். விதைக்குக் கூடுதலாக 300 ரூபாய் கொடுத்திருந்தால் 5,700. ஏக்கருக்கு 2,700 ரூபாய் மிச்சம்.

சேதம் சற்றே கூடியும் பணம் மிஞ்சியிருப்பதைக் கவனிக்க வேண்டும். வயலில் ஓர் இலைகூடக் கடிபடக் கூடாது என்று நினைப்பவருக்கு இந்தக் கணக்கு பிடிபடாது.

இப்போது அதே தாங்கும் ரகத்தை நட்டுவிட்டு, பழக்கத்தை விட முடியாமல் மூன்று முறையும் மருந்தடித்தால் என்ன ஆகும்? சேதம் 3 சதவீதமாகக் குறைந்ததாகக் கொண்டாலும், தெளிப்பு 5,400, சேதம் 1,800, விதை 300 என மொத்தம் 7,500 ரூபாய் ஆகிறது. மிச்சம் 900 ரூபாயாகச் சுருங்கிவிடும். தெளிப்பைக் குறைக்காதவருக்கு இந்த ரகத்தின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வருகிறது. ரகத்தை வெளியிடுவோர் விதையோடு இந்தச் செய்தியையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால், பத்தாண்டு ஆராய்ச்சியின் பெரும்பயன் மருந்துக்கடையிலேயே கரைந்து போகும் என்பது என் கருத்து.

பூச்சி வெடிக்கும் ஆண்டையும் இதில் சேர்க்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு முறை, நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகி, சாதாரண ரகம் 30 சதவீதமும் தாங்கும் ரகம் 12 சதவீதமும் இழப்பதாகக் கொண்டால், அந்த ஓர் ஆண்டின் வேறுபாடு 10,800 ரூபாய்; ஐந்தாண்டுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 2,160 ரூபாய். ஏறக்குறைய வழக்கமான ஆண்டின் மிச்சத்துக்கு நிகரான தொகை இது. கடன் வாங்கிப் பண்ணையம் செய்பவருக்கு அந்த ஒரே ஆண்டில் தப்பித்த 10,800 ரூபாய், மற்ற ஆண்டுகளில் சிறுகச் சிறுகக் கிடைக்கும் அதே தொகையைவிடப் பெரிது.

தாங்கும் ரகத்துக்கு எப்போது மருந்தடிக்க வேண்டும்?

சாதாரண ரகத்துக்கு அடிப்பதைவிடத் தாமதமாக. பூச்சியால் வரும் இழப்பு, அதைத் தடுக்க ஆகும் செலவைத் தொடும் நிலையைப் பொருளாதாரச் சேதநிலை என்பர். அதற்குச் சற்று முன்பே நடவடிக்கை எடுக்க வேண்டிய எல்லையைப் பொருளாதார வரம்பு என்பர். நெல்லில் குருத்துப்பூச்சிக்கு 10 சதவீதக் குருத்துக் காய்தலும், கதிர்ப் பருவத்தில் 2 சதவீத வெண்கதிரும் இந்த வரம்பு. புகையானுக்குத் தூருக்கு, அதாவது ஒரு கிளைத்தண்டுக்கு, 1 பூச்சி. குத்துக்கு, அதாவது பல தூர் கொண்ட ஒரு நாற்றுக் கொத்துக்கு, பூச்சியைத் தின்னும் சிலந்தி ஒன்று இருக்கும் வயலில் தூருக்கு 2 பூச்சி வரை பொறுக்கலாம்.

சேதநிலையைக் கணக்கிடும் வழி எளிது. தெளிப்புச் செலவை, ஒரு பூச்சி விளைவிக்கும் இழப்பின் பணமதிப்பாலும் மருந்தின் பலனாலும் வகுக்க வேண்டும். தெளிப்புக்கு 1,800 ரூபாய். குத்துக்கு ஒரு பூச்சி கூடினால் ஏக்கருக்கு 15 கிலோ, அதாவது 375 ரூபாய் இழப்பு. மருந்து 80 சதவீதம் பலன் தரும் என்று கொள்வோம். 375இல் 80 சதவீதம் 300. 1,800ஐ 300ஆல் வகுத்தால் 6. குத்துக்கு 6 பூச்சி வரும்வரை தெளிப்பது நட்டம். தாங்கும் ரகத்தில் அதே பூச்சி 7.5 கிலோ மட்டுமே இழப்புத் தருமானால் இந்த எண் 12 ஆகிவிடும். பல ஆண்டுகளில் பூச்சி 12ஐத் தொடாமலே பருவம் முடிந்துவிடும். இடைப்பட்ட நாட்களில் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் தம் வேலையைச் செய்துவிடும்.

எனவே, வெளியிடப்படும் ஒவ்வொரு தாங்கும் ரகத்துக்கும் தனியே ஒரு பொருளாதார வரம்பை அறிவிக்க வேண்டும். எல்லா ரகத்துக்கும் ஒரே வரம்பைச் சொல்வது, தாங்குதிறனுக்கு மதிப்பே இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

எதிர்ப்பு ரகங்கள் சில ஆண்டுகளில் பூச்சிக்கு இரையாகிவிடுகின்றனவே, தாங்கும் ரகமும் அப்படித்தானா?

இதற்குப் புகையானின் வரலாறே நல்ல விடை. அந்த வரலாற்றில் கோவைக்கும் பங்குண்டு. கோவையில் நெல் இன விருத்தி நிலையமும் கரும்பு இனப்பெருக்கு நிலையமும் 1912ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டவை. அந்த நெல் நிலையத்தில் உருவான ரகங்களில் ஒன்று கோ 22. பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் புகையானை எதிர்க்கும் மரபணுக்களைத் தேடியபோது, முட்கோ, எம்.டி.யு. 15 ஆகிய ரகங்களோடு கோ 22இலும் ஒரே மரபணுவைக் கண்டனர், அதற்கு பி.பி.எச். 1 என்று பெயர். இரண்டாம் மரபணுவான பி.பி.எச். 2, அம்பாசமுத்திரத்தின் ஏ.எஸ்.டி. 7இல் கிடைத்தது. 1971ஆம் ஆண்டில் இந்த முடிவுகள் வெளிவந்தன. எதிர்ப்பு உண்டு என்று தெரிந்து யாரும் அவற்றை வளர்க்கவில்லை. பழைய ரகங்களைத் தூக்கி எறியாமல் விதைவங்கியில் வைத்திருந்ததால் கிடைத்த ஆதாயம் அது.

முதல் மரபணுவைக் கொண்ட ஐ.ஆர். 26, 1973இல் வெளியானது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் அதைத் தின்று வளரும் புதிய வகைப் புகையான் தோன்றிவிட்டது. 1976இல் வந்த ஐ.ஆர். 36, இரண்டாம் மரபணுவோடு மேலும் சில ஆண்டுகள் நின்றது. 1980களில் உலகிலேயே மிகப் பரவலாகப் பயிரிடப்பட்ட நெல் ரகம் அதுதான். அதன் முன்னோர்களில் பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் உள்ள பட்டாம்பியின் பி.டி.பி. 18, பி.டி.பி. 21 ஆகியவையும் உண்டு. 1985இல் வந்த ஐ.ஆர். 64இலும் இருப்பது பழைய முதல் மரபணுதான். ஆயினும் ஐ.ஆர். 26 வீழ்ந்த இடங்களிலும் அது நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. பெரிய மரபணு ஒன்றோடு, சிறு சிறு அளவில் எதிர்ப்பும் தாங்குதிறனும் தரும் பல மரபணுக்கள் அதில் சேர்ந்திருந்ததே காரணம் என்று பின்னர் ஆராய்ந்து கண்டனர். பட்டாம்பியின் திரிவேணி ரகத்தையும் புகையானைத் தாங்கும் ரகமாக 1980களின் தொடக்கத்திலேயே அடையாளம் கண்டிருந்தனர்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். எதிர்ப்பு ரகத்தில் பூச்சிகள் சாகின்றன. சாகாமல் தப்பிய சிலவற்றின் சந்ததி அடுத்த பருவத்தில் வயலை நிரப்புகிறது. தாங்கும் ரகத்தில் எந்தப் பூச்சிக்கும் தனிச்சலுகை இல்லை. எனவே அதை வெல்லும் வகை பெருகுவதற்கும் காரணம் இல்லை. பொருளாதார மொழியில் சொன்னால், எதிர்ப்பு ரகம் தொடக்கத்தில் பெரும் வருவாய் தந்து விரைவில் தேய்கிறது. தாங்கும் ரகம் ஆண்டுதோறும் குறைவாகத் தந்து நெடுங்காலம் நிற்கிறது.

இந்தோனேசியாவைப் பற்றி ஒரு சொல் சேர்க்க வேண்டும். அங்கே அரசு பூச்சிமருந்துக்கு மானியத்தை வாரி வழங்கியதால் சிலந்திகள் அழிந்து, நல்ல ரகங்களிலும் புகையான் வெடித்தது. 1986இல் குடியரசுத் தலைவர் ஆணையொன்று நெல்லில் 57 மருந்துகளைத் தடைசெய்தது. மானியமும் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதன் பின்னும் நெல் உற்பத்தி சரியவில்லை.

பி.டி. பருத்தியை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

அது தாங்கும் ரகம் அன்று. காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் எதிர்ப்பு வகை. இந்தியாவில் 2002இல் ஒரு மரபணுவோடும் 2006இல் இரண்டு மரபணுக்களோடும் அனுமதி பெற்றது. பச்சைக் காய்ப்புழுவுக்கான தெளிப்பை அது வெகுவாகக் குறைத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு குஜராத்தில் 2010ஐ ஒட்டி முதல் மரபணுவுக்கும், சில ஆண்டுகளில் இரண்டாவதுக்கும் பழகிவிட்டது. பூச்சிக்குப் புகலிடமாக ஓரத்தில் பி.டி. அல்லாத பருத்தி விதைக்க வேண்டும் என்ற விதியைப் பெரும்பாலோர் பின்பற்றவில்லை. ஒவ்வோர் உழவரும் தன் வயலுக்குத் தற்காலிக லாபம் பார்த்தார். அந்த நஞ்சுக்குப் பூச்சி மடியும் தன்மை அனைவருக்கும் பொதுவான சொத்து; அதை யாரும் காக்கவில்லை.

மேலும், பி.டி. பருத்தியின் அந்த நஞ்சுப் புரதம் சாறு உறிஞ்சும் பூச்சிகளை ஒன்றும் செய்யாது. தத்துப்பூச்சிக்கு இலையில் முடி அடர்ந்த பருத்தியே நல்ல அரண். அதே முடி வெள்ளை ஈ முட்டையிட வசதியாகவும் அமைந்துவிடுகிறது. ஒரு பூச்சிக்குக் கதவடைத்தால் இன்னொன்றுக்குச் சன்னல் திறக்கிறது. பருத்தியை எந்த ஊருக்காக வளர்க்கிறோமோ அந்த ஊரின் முதன்மைப் பூச்சி எது என்று தெரியாமல் ரகத்தின் மதிப்பைச் சொல்லவே முடியாது.

என் வயலில் பூச்சி தாங்கப்பட்டுப் பெருகினால் பக்கத்துத் தோட்டத்துக்குத் தொல்லை ஆகாதா?

ஆகலாம். தாங்குதிறனின் உண்மையான குறை இதுதான். தாங்கும் ரகம் பூச்சியைக் குறைப்பதில்லை. அங்கே பெருகியது, வரப்பைத் தாண்டி நோஞ்சான் ரகத்துக்குப் போகும். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் ஒரே மடையில் நீர் பெறும் வயல்கள் அடுத்தடுத்து இருப்பதால் இது கற்பனைக் கேள்வி அன்று. மடை முழுவதும் ஒரே காலத்தில் நடுவதும், 8 அடிக்கு 1 அடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விடுவதும், தழைச்சத்தை அளவோடு இடுவதும் இதைப் பெருமளவு தணிக்கும்.

நச்சுயிரியைப் பரப்பும் பூச்சிக்குத் தாங்குதிறன் உதவாது. உளுந்தில் வெள்ளை ஈ உறிஞ்சுவதால் வரும் இழப்பு சிறிது. அது கொண்டுவரும் மஞ்சள் தேமல் நோயால் வரும் இழப்பே பெரிது. எனவேதான் உளுந்தில் பூச்சியைத் தாங்கும் ரகத்தைத் தேடாமல், வம்பன் ரகங்களைப் போல நோயை எதிர்க்கும் ரகத்தைத் தேடுகிறோம்.

தாங்கும் ரகத்தில் விளைச்சலோ விலையோ குறையாதா?

சிலவற்றில் குறைகிறது, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். பூச்சி இல்லாத ஆண்டில் இந்த ரகம் 3 சதவீதம் குறைவாக விளையுமானால் 1,800 ரூபாய் போகும். 2,700 ரூபாய் மிச்சம் 900 ஆகும். அரிசி சற்றுத் தடித்திருக்கிறது என்று வியாபாரி கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்தால் மேலும் ஏறத்தாழ 2,400 ரூபாய் போய், கணக்கு நட்டத்தில் முடியும்.

வெள்ளைப் பொன்னியை நம் மக்கள் விடாமல் பிடித்திருப்பதன் காரணம் இதில் விளங்கும். 1986இல் கோவையிலிருந்து வெளியிடப்பட்ட அந்த ரகம் காற்றுக்குச் சாயும், பூச்சிக்கும் நோய்க்கும் இடம் கொடுக்கும். ஆனால் அரிசிக்குச் சந்தையில் தனி மதிப்பு. உண்பவர் தரும் கூடுதல் விலை, பூச்சியால் வரும் செலவை ஈடுகட்டுகிற வரைக்கும் உழவர் அதைப் பயிரிடுவது பிடிவாதம் ஆகாது. சரியான கணக்கு அது. சன்ன அரிசி இல்லாத தாங்கும் ரகத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏன் பரவவில்லை என்று வியப்பது வீண். நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கே நெல்லைப் போடுபவருக்கு நிலை வேறு. அங்கே சன்ன ரகத்துக்கும் பொது ரகத்துக்கும் உள்ள விலை வேறுபாடு சிறிது.

மானாவாரிக் காட்டுக்கு இதனால் ஏதும் உண்டா?

உண்டு, என் பார்வையில் அங்கேதான் அதிகம். காங்கயம், தாராபுரம், பல்லடம் பகுதிகளிலும் கரூர்ப் பக்கத்துக் காடுகளிலும் சோளத்துக்கு மருந்தடிப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. விளைச்சலின் மதிப்பு குறைவு, மழை நிச்சயமில்லை, தெளிக்கத் தண்ணீரும் தொலைவு. மருந்துக்குச் செலவழிக்காத இடத்தில் விதையே ஒரே பாதுகாப்பு.

சோளத்தின் குருத்து ஈ முளைத்த முதல் நான்கு வாரத்துக்குள் இலையின் அடியில் முட்டையிடுகிறது. புழு குருத்தை அறுத்துவிட, நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். இளம்பயிரின் இலை பளபளப்பாகவும் நுண்முடியோடும் இருந்தால் ஈ முட்டையிடத் தயங்கும் என்பது எதிர்ப்பு. குருத்துப் போனாலும் அடியிலிருந்து பக்கத்தூர் வெடித்துக் கதிர் தருவது தாங்குதிறன். அந்தத் தூர் வளர மண்ணில் ஈரம் வேண்டும். ஆகையால் மழை பொய்த்த ஆண்டில் இந்தத் திறனுக்குக் காசு மதிப்பு இல்லாமலே போகும். பருவத்தின் முதல் மழையோடு, ஊரே ஒன்றாக விதைத்துவிட்டால் ஈயின் பெருக்கம் வருமுன் பயிர் தப்பித்துக்கொள்ளும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

கொங்கு நாட்டில் சோளம் மனிதருக்கு மட்டும் விளைவதன்று. தானியத்துக்கு நிகராகவோ அதற்கு மேலாகவோ, மாட்டுத் தீவனமாகும் சோளத்தாளான தட்டுக்கு மதிப்பு உண்டு. கோடையில் மாட்டைக் காப்பது தட்டுப்போர்தான். எனவே இங்கே ரகத்தை மதிப்பிடும்போது கதிரின் எடையை மட்டும் எடுத்துக்கொள்ளும் கணக்கு பாதிக் கணக்கே ஆகும். மருந்தடித்த தட்டை உடனே மாட்டுக்குப் போட முடியாது. மருந்துப் புட்டியில் குறித்த காத்திருப்புக் காலம் வரை பசுந்தீவனத்தை வெளியே வாங்க வேண்டும். தாங்கும் ரகம் அந்தச் செலவையும் மிச்சப்படுத்துகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: குருத்துப் போய் வெடித்து வரும் இளந்தூரிலும், வாடிய இளஞ்சோளத்திலும் ஹைட்ரோசயனிக் அமிலம் மிகுந்திருக்கும். அதில் மாட்டை மேயவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கூலி உயர்வுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. திருப்பூர்ப் பனியன் தொழிலும் பெருந்துறை, கோவைத் தொழிற்கூடங்களும் ஆண்டு முழுவதும் வேலை தரும் ஊர்களில், மருந்தடிக்க ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பூச்சி வரம்பைத் தொட்ட அன்றே கிடைப்பதில்லை. மூன்று நாள் தாமதமான தெளிப்புக்குச் செலவு முழுதாக உண்டு, பலன் பாதிதான். கூலி ஏற ஏற, ஒரு தெளிப்பைத் தவிர்ப்பதன் மதிப்பும் ஏறுகிறது. ஆகவே ஒரே ரகம் கூலி மலிந்த ஊரைவிட நம் பகுதியில் கூடுதல் மதிப்புப் பெறும்.

கரும்பு, மஞ்சளுக்கு?

கரும்பில் இளங்குருத்துப் புழு தாக்கினாலும் நன்கு தூர் வெடிக்கும் ரகம் மண் அணைத்தபின் ஈடுகட்டிக்கொள்ளும். அதன் பொருளாதார வரம்பு 15 சதவீதக் குருத்துக் காய்தல். கோவையின் முதல் புகழ்பெற்ற கலப்புக் கரும்பான கோ 205, நாட்டு நாணல் இனத்தின் உரத்தைக் கரும்பில் ஏற்றியதன் பயன். வளர்ப்பவர்கள் தாங்குதிறனைக் காட்டினங்களில் தேடும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது. மஞ்சளில், பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் ஈரோடு நாட்டு ரகத்திலிருந்து உருவாக்கிய பி.எஸ்.ஆர். 2, கிழங்கைத் தாக்கும் செதில் பூச்சிக்கு ஈடுகொடுப்பதாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

தென்னைக்கும் மரவள்ளிக்கும் ஏன் இப்படி ரகங்கள் வருவதில்லை?

தென்னையில் ஒரு தலைமுறைக்கே பல ஆண்டுகள் ஆகும். 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் சுருள் வெள்ளை ஈ தோன்றியபோது, புதிய ரகம் வளர்த்துத் தீர்வு காண்பது என்பது பேரப்பிள்ளைகள் காலத்துக்கான திட்டமாகத்தான் இருந்திருக்கும். நட்ட மரத்தை வெட்டி ரகம் மாற்றுவதும் நடவாத காரியம். அங்கே அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவியைக் காப்பதே மலிவான வழி.

அயல்நாட்டிலிருந்து புதிதாக வரும் பூச்சிக்கும் இதே விடைதான். 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று பரவியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட அசரோபேகஸ் குளவி அதை அடக்கியது. ஐந்தாண்டில் இந்தியாவுக்குக் கிடைத்த ஆதாயம் 50 கோடி டாலருக்கும் மேல் என்று ஒரு பொருளாதார ஆய்வு மதிப்பிட்டது. 2020இல் வந்த மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெஸி என்ற குளவி வரவழைக்கப்பட்டு, 2022இல் சேலம் பகுதியில் விடப்பட்டது. இயற்கை எதிரி இல்லாமல் வந்த பூச்சிக்கு எதிரியைத் தேடித் தருவதே முதல் வேலை; ரகம் வளர்ப்பது அடுத்தது.

ஒரு ரகத்தை உருவாக்க ஆகும் அரசுச் செலவு திரும்பி வருமா?

நெல்லில் கலப்பு செய்ததிலிருந்து விதை உழவர் கைக்கு வர வழக்கமாகப் பத்தாண்டு ஆகும். நாற்றுத் தட்டில் புகையானை விட்டுச் சோதிப்பதில் தொடங்கி, பல இடங்களில் திடல் போட்டுப் பார்ப்பது, உழவர் வயலிலேயே சோதிப்பது, மாநிலக் குழுவின் ஒப்புதல் பெறுவது என்று படிகள் நீளும். இன்று மரபணுக் குறியீட்டைக் கொண்டு தேர்வு செய்வதால் இதில் சில ஆண்டுகள் குறைகின்றன.

செலவு ஒரு முறை. பயன் ரகம் நிற்கும் ஆண்டெல்லாம். 1969இல் அமெரிக்காவில் ஒரு கணக்குப் போட்டார்கள். கோதுமை, மக்காச்சோளம், குதிரைமசால் ஆகியவற்றில் நான்கு பூச்சிகளுக்கு எதிரான ரகங்களை உருவாக்க ஆன மொத்த ஆராய்ச்சிச் செலவு 93 லட்சம் டாலர். அதனால் உழவர்களுக்குக் குறைந்த இழப்பு ஆண்டுக்கு 30.8 கோடி டாலர். இதைப் படித்துவிட்டு எல்லா ஆராய்ச்சிக்கும் இத்தனை பலன் வரும் என்று கருதிவிடக் கூடாது. வெற்றி பெற்றவற்றைத் தேர்ந்தெடுத்துப் போட்ட கணக்கு அது. ஆயினும் கீழ்பவானிப் பாசனம் மட்டுமே 2,07,000 ஏக்கர் என்பதை நினைத்துப் பார்த்தால், பரப்பு எவ்வளவு எளிதில் செலவை விழுங்கிவிடும் என்பது தெரியும். அதில் அந்தப் பருவத்தில் நெல்லுக்கு நீர் முறை வரும் பகுதியில், ஓர் ஏக்கருக்கு ஒரே ஒரு தெளிப்பு குறைந்தாலும் பருவத்துக்குப் பல கோடி ரூபாய் மிஞ்சும்.

அந்த ஆதாயம் கடைசியில் யாருக்குப் போகிறது?

விலை நிலையாக இருக்கும் பொருளில் உழவருக்கு. விலை ஆடும் பொருளில் பெரும்பங்கு வாங்குபவருக்கு. எல்லாத் தோட்டத்திலும் சேதம் குறைந்தால் சந்தைக்கு வரத்துக் கூடும், விலை இறங்கும். அப்போது முதலில் ரகம் மாற்றியவர் லாபம் பார்த்திருப்பார். கடைசியில் மாற்றியவருக்கு நட்டத்திலிருந்து தப்பித்தது மட்டுமே மிஞ்சும். ஆனால் செலவு குறைவதால் வரும் ஆதாயத்துக்கு இந்தக் கேடு குறைவு. தெளிப்பைக் குறைத்து மிச்சம் பிடித்த 3,600 ரூபாயைச் சந்தை விலை அவ்வளவு எளிதில் பறிக்க முடியாது.

தனியார் விதை நிறுவனங்கள் தாங்குதிறனில் ஆர்வம் காட்டாததும் இதனோடு சேர்ந்த செய்தி. நெல், உளுந்து போன்றவற்றில் உழவர் தன் விதையைத் தானே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் விற்க முடியாத பொருளில் யார் முதல் போடுவார்கள்? எனவே இந்த வேலை பொது நிறுவனங்களின் தலையிலேயே இருக்கும். அவற்றின் நிதி குறைந்தால் ஈடுசெய்ய வேறு ஆளில்லை.

பயிர்க் காப்பீடு இருக்கும்போது இது எதற்கு?

2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பரந்த பகுதியில் ஏற்படும் பூச்சி இழப்புக்கு இழப்பீடு உண்டு. ஆனால் அது அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி விளைச்சலைப் பொறுத்தது. உங்கள் வயல் மட்டும் அழிந்தால் கிடைக்காது. வந்தாலும் அறுவடைக்குப் பின் மாதங்கள் கழித்தே வரும்.

நல்ல விதை என்பதை எப்படி உறுதி செய்வது? சொந்த விதையை எடுத்து வைக்கலாமா?

வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம் என்று அட்டை நிறம் உண்டு. சாதாரண வெள்ளாமைக்கு நீல அட்டை போதும். பிற ரகம் கலந்த தூய்மையற்ற விதையில் தாங்கும் செடியும் தாங்காத செடியும் கலந்திருப்பதால், தாங்குதிறன் இருந்தும் இல்லாதது போலாகிவிடும். இந்த ரகங்களில் விதைத்தூய்மைக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீணாகாது.

2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட ரகமே ஆனாலும் உழவர் தன் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், பிறருடன் மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். வணிகப் பெயரிட்டு விற்பது மட்டும் கூடாது. வீரிய ஒட்டு ரகங்களின் விதையை எடுத்து வைத்தால் அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறிவிடும் என்பதால் அவற்றை ஆண்டுதோறும் வாங்கத்தான் வேண்டும். மற்றவற்றில் மூன்று நான்கு பருவத்துக்கு ஒரு முறை சான்று விதையைப் புதுப்பித்தால் போதுமானது. புதிய ரகத்தை முதல் பருவத்தில் தோட்டம் முழுவதும் நடாமல், அரை ஏக்கரில் பழைய ரகத்துக்குப் பக்கத்திலேயே நட்டு, இரண்டுக்கும் ஆன மருந்து, கூலி, மகசூல், விற்ற விலை ஆகிய நான்கையும் தனித்தனியே எழுதி வைத்துப் பாருங்கள்.